அண்ணன் சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரரின் முகத்தைச் சினிமாவில் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. முதுகைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். மாடியிலிருந்து குதிக்கிற முதுகு, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து விழுகிற முதுகு, ஓடும் லாரிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்திருக்கிற முதுகு, எல்லாம் அவருடையதுதான். முன்பக்கம் திரும்பினால் அது அண்ணனாகிவிடும். செட்டில் என் வீட்டுக்காரருக்கு ‘முதுகு’ என்றே பேர். எங்கள் மகள் தியேட்டரில் “அதோ அப்பா!” என்று கத்துவாள். அடுத்த ஷாட்டில் அண்ணனின் மீசை வந்ததும் “ச்சே, பெரியப்பா” என்று உட்கார்ந்துவிடுவாள்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரும் அவரை அண்ணே என்றார், நானும் அண்ணே என்றேன். முறை பார்த்தால் இடிக்கும், நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ‘ஐந்து மொழிகளின் வில்லன்’ என்று போஸ்டரில் போடுவார்களே, அவர்தான். ஐந்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்று, பிறந்த பாஷை; எங்கள் வீட்டில் பேசுவதும் அதுதான். மற்ற நாலிலும் “சாப்பாடு ஆச்சா”, “நாளைக்கு எத்தனை மணிக்கு” என்கிற அளவோடு சரி. ஆரம்ப காலத்தில் வசனத்துக்குப் பதிலாக எண்ணச் சொல்லிவிடுவார்களாம். கதாநாயகியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண் சிவக்க, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியே மிரட்டிய படம் ஒன்று நூறு நாள் ஓடியது. உதடு அசைந்தால் போதும், குரலை டப்பிங்கில் வேறொருவர் கொடுத்துவிடுவார்.

பிறகு கேமரா கிட்டே வந்து உதட்டை உற்றுப் பார்க்க ஆரம்பித்தது. எண்ணிக்கை செல்லுபடியாகவில்லை. பிராம்ப்டிங் வந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் உட்கார்ந்து வரியைத் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுப்பார், அண்ணன் அடுத்த நொடியே அதை வாங்கிச் சொல்வார். கிளிக்குக்கூடப் பழகக் கொஞ்ச நாள் வேண்டும், அண்ணனுக்கு வேண்டாம். எடுத்துக் கொடுப்பவர் மளிகைச் சாமான் படிப்பதுபோல் படிப்பார். அண்ணன் வாயிலிருந்து அது வரும்போது லைட்மேன்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

“அர்த்தம் தெரியாம எப்படிண்ணே அழுகை வருது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சத்தத்துலயே தெரிஞ்சிடும்மா. அர்த்தம் வேற தெரிஞ்சா நாக்கு தடுக்கும்” என்றார்.

அர்த்தத்துக்கு என் வீட்டுக்காரர் இருந்தார். ஷாட் முடிந்து கைதட்டல் அடங்கியதும் அண்ணன் அவரைத் தேடுவார். “டேய், நான் என்னடா சொன்னேன்?” இவர் பக்கத்தில் போய் வரி வரியாகச் சொல்வார். அண்ணன் அதிகப் படம் செய்தது என் அம்மா வீட்டுப் பாஷையில். என் வீட்டுக்காரர் அதைக் கற்றுக்கொண்டது சினிமாவுக்காக இல்லை, எங்கப்பாவிடம் பெண் கேட்பதற்காக. ஷூட்டிங்குக்கு வந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் உட்கார்ந்து படித்து, எங்கப்பா முன்னால் நின்று தப்பும் தவறுமாகக் கேட்டார். எங்கப்பா சிரித்துவிட்டார், கொடுத்துவிட்டார்.

அன்று மதியம் என் வீட்டுக்காரர் ஷூட்டிங் இடத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். என் அம்மா வீட்டுப் பக்கம், ஒரு ராத்திரி ரயில் தூரம். மூன்றாம் மாடியிலிருந்து மல்லாந்து விழுகிற ஷாட். கீழே காலி அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி மேலே மெத்தை போடுவார்கள். விழும்போது பெட்டிகள் ஒவ்வொன்றாக நசுங்கி ஆளைத் தாங்கும்.

“பெட்டியெல்லாம் நேத்து மழையில ஊறிக் கெடக்கு. கையை வெச்சா உள்ள போகுது. மாத்தச் சொல்லியிருக்கேன்” என்றார்.

“மாத்தலேன்னா?”

“மாத்தாம எப்படி ஏறுவேன்? பைத்தியமா எனக்கு? நீ பாப்பாவுக்கு ஷூ வாங்கிட்டியா?”

சாயங்காலம் வேறு யாரோ போன் செய்தார்கள்.

அவரைக் கொண்டுவந்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. பணம் கொடுத்தார்களா என்று ஊரே கேட்கிறது. பணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேச வேண்டியது அந்த வீடியோவைப் பற்றி.

அதை முதலில் பார்த்தது என் மகள். பள்ளிக்கூடத்தில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல், “அப்பா பிடிவாதம் பிடிச்சுத்தான் செத்தாராம்மா?” என்று கேட்டாள்.

“யாரு சொன்னா?”

“பெரியப்பா சொல்றாரு. வீடியோவுல.”

போட்டுப் பார்த்தேன். காவல் நிலையத்து மேசை. கன்னத்தில் பாதி மேக்கப் கலையாமல் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு அதிகாரி எழுதுகிறார். அண்ணன் என் அம்மா வீட்டுப் பாஷையில், ஒரு எழுத்து பிசகாமல், நெஞ்சு விம்ம விம்மச் சொல்கிறார்: “பெட்டி ஈரமாக இருக்கிறது, மாற்றிவிடுகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவன்தான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்று சிரித்துக்கொண்டே ஏறினான். என் தம்பி தன் பிடிவாதத்தாலேயே போய்விட்டான்.” கடைசி வரியில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரியே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.

அண்ணனின் புகைப்படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டேன். என் வீட்டுக்காரரும் அவரும் தோளில் கை போட்டு நிற்கிற படம். ஒரே உயரம், ஒரே தோள்.

அண்ணன் மறுவாரம் வந்தார். மீசையை மழித்திருந்தார், எனக்கு ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை. வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. ஒண்ணு விடல. அவன் பெட்டியை அமுக்கிப் பாத்தது, மாத்துங்கன்னு சொன்னது, டைரக்டர் வெளிச்சம் போகுதுன்னு கத்தினது... எல்லாம். அவனுக்கு நான் செய்யறதுக்கு அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”

எனக்கு வந்த கோபத்தில் கையில் செருப்பு அகப்பட்டிருந்தால் வீசியிருப்பேன். போன்தான் அகப்பட்டது, வீடியோவைப் போட்டு நீட்டினேன்.

“வாய் கூசலையாண்ணே உங்களுக்கு? இதுல என்ன சொல்லியிருக்கீங்க?”

அவர் வீடியோவைப் பார்த்தார். முகத்தில் வெட்கத்தின் சாயலே இல்லை. தன் அழுகையைப் பார்த்துத் திரும்பவும் அழுதார். “இதாம்மா. இதைத்தான் சொன்னேன். இதோ, பெட்டின்னு வருது பாரு. ஈரம்னு வருது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை வாங்கி, ஆரம்பத்திலிருந்து போட்டு, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னேன். என் வீட்டுக்காரர் சொல்வதுபோலவே சொன்னேன் என்று நினைக்கிறேன். நாலாவது வரியில் அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். உள்ளே வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். பிராம்ப்ட் கொடுக்கிற உதவி இயக்குநரைச் செட்டில் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள், தடித்த கண்ணாடி போட்டிருப்பார். காவல் நிலையத்தில் அண்ணன் அவரிடம் தன் பாஷையில் நடந்ததை எல்லாம் சொன்னார். “அப்படியே இவங்களுக்குச் சொல்லிடு” என்றார். கண்ணாடி, “நீங்களே அவங்க பாஷையில சொன்னாத்தாண்ணே மரியாதை. நான் எடுத்துக் குடுக்கறேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்து, யாரோ சொல்லிக் கொடுத்ததை எடுத்துக் கொடுத்தார். முப்பது வருஷமாகப் பக்கத்திலிருந்து ஒரு வரி வந்தால் அண்ணன் வாய் தானாகத் திறக்கும். அன்றும் திறந்தது. அது முடிந்ததும் பழக்கத்தில் திரும்பி, “டேய், நான் என்னடா...” என்று ஆரம்பித்தாராம். அர்த்தம் சொல்கிற ஆள் ஆஸ்பத்திரியில் துணி மூடிக் கிடந்தார்.

“மாத்தலேன்னா ஏற மாட்டேன்னாரே எங்கிட்ட. அப்புறம் ஏன் ஏறினாரு?” என்று கேட்டேன்.

அண்ணன் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டார். “டைரக்டர் சொன்னான், ‘முதுகு ஏறலேன்னா முகம் ஏறட்டும், அண்ணனையே விழச் சொல்றேன்’னு. இவன் என்னைப் பாத்தான். சிரிச்சான். ஏறிட்டான்.”

அதைக் கேட்டபின் அவரை வெறுக்கவும் முடியவில்லை, வெறுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மேல் விசாரணை ஒன்று இருந்தது. அதற்கு மனுப் போட்டோம். செட்டில் இருந்த மற்ற எல்லோரும் கம்பெனி சொன்னதையே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு நாளைக்கு வேலை வேண்டும். மாற்றிச் சொல்லக்கூடிய ஒரே வாய் அண்ணனுடையது. அவர் மனைவி எனக்குப் போன் செய்து, “இனிமே ஒரு பாஷையிலயும் கூப்பிட மாட்டாங்க, உனக்குச் சந்தோஷமா?” என்று கேட்டார். அண்ணன் பின்னாலிருந்து, “போகட்டும் விடு” என்றது கேட்டது. கையிலிருந்த இரண்டு படமும் உடனே போயின.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் பிடிவாதத்தால் சாகவில்லை, பெட்டியை மாற்றுங்கள் என்று கேட்டார் என்பது எங்காவது ஓரிடத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். என் மகள் பெரியவளானதும் அதை எடுத்துப் படிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்ற நம்பிக்கை இருந்தாலும், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனுக்குப் பயம். “நீ எடுத்துக் குடும்மா, படிச்சுக்கறேன்” என்றார். தினமும் வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசைதான் செட். நான் எட்டு வரி எழுதி வைத்திருந்தேன். அர்த்தம் சொல்லி, பிறகு வரியைச் சொல்வேன். “மாற்றுங்கள் என்று அவன் சொன்னான்” என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உடைந்து நாக்கு கட்டிக்கொள்ளும். கோடிப் பேரை மிரட்டிய ஆள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் திக்கித் திணறி மேசையைக் குத்துவார்.

ஒருநாள், “அர்த்தத்தைச் சொல்லாதம்மா. கும்புடறேன். சத்தத்தை மட்டும் குடு” என்றார்.

சத்தத்தை மட்டும் கொடுத்தேன். நன்றாக வந்தது. என் உதட்டைப் பார்த்துக்கொண்டே, தங்குதடையில்லாமல், அழவேண்டிய இடத்தில் அழுது சொன்னார். என் மகள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “இப்ப சரியாச் சொல்றாரும்மா பெரியப்பா” என்றாள். அன்று ராத்திரிதான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

விசாரணை ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் மாடியில். நீளமான அறை, ஒரு மேசை, சுவரோரம் நாற்காலிகள், காற்றைவிடச் சத்தம் அதிகம் தருகிற மின்விசிறி. விசாரணை அதிகாரி தன்மையான மனிதர். எனக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கம்பெனி வக்கீல் தொப்பையும் சிரிப்புமாக இருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி உட்கார்ந்திருந்தார். அண்ணனை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம். வக்கீல் உடனே ஒரு வீடியோவைப் போட்டார். ஏதோ விருது மேடை. அண்ணன் பட்டுத் துணி போர்த்திக்கொண்டு கண்ணீரோடு பேசுகிறார்: “இந்தப் பாஷை எனக்கு இரண்டாவது தாய்.” அரங்கம் எழுந்து நின்று தட்டுகிறது. அதுவும் யாரோ எடுத்துக் கொடுத்ததுதான்.

“தாய்கிட்டப் பேசத் தரகர் எதுக்குங்க?” என்றார் வக்கீல். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றாகிவிட்டது.

அடுத்து வக்கீல் அந்தக் காவல் நிலைய வீடியோவைப் போட்டார். முழுதாக, சத்தமாக. ஒருமுறை போதாதென்று இரண்டாம் முறையும். “இதைத்தான் இப்போ மாத்திச் சொல்லப் போறாராம். கேட்டுக்கங்க” என்றார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு லேசாக அசைந்தது. தன் வரிகளை ஓட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எழுந்து நின்றார். முதல் வரி சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டாம் வரி. என்னைப் பார்த்தார். என்னை அறியாமல் என் உதடு அசைந்திருக்கிறது. மூன்றாம் வரிக்கு அதிகாரி கையைத் தூக்கினார்.

“ஒவ்வொரு வரிக்கும் அந்த அம்மாவை எதுக்குப் பாக்கறீங்க?”

அண்ணனுக்குக் கேள்வி புரியவில்லை. பதிலுக்கும் என்னைத்தான் பார்த்தார்.

“அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. தப்பா எடுத்துக்காதீங்க. அவர் சொந்தமாச் சொல்லட்டும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவை ஒட்டச் சாத்தவில்லை. உள்ளே வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. யாரோ இருமினார்கள். “ம், சொல்லுங்க” என்றார் அதிகாரி. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும், மூன்றாம் வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லுங்கண்ணே. மாற்றுங்கள் என்று அவன் சொன்னான். சொல்லுங்கண்ணே.

அப்போது அண்ணன் குரல் வந்தது. தெளிவாக, கணீரென்று, ஒரு தடுக்கல் இல்லாமல் வந்தது. எனக்கு மூச்சு திரும்பியது, அரை நொடிக்கு.

“பெட்டி ஈரமாக இருக்கிறது, மாற்றிவிடுகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்...”

நான் எழுந்து கதவைத் தள்ளினேன். வாசலில் நின்ற காவலாள் குறுக்கே கையை நீட்டினார். “அண்ணே! அது இல்லண்ணே! அது அவங்க குடுத்தது!” என்று கத்தினேன். “சத்தம் போடாதீங்கம்மா, உள்ள சாட்சி நடக்குது” என்று காவலாள் கதவை இழுத்து அழுத்திச் சாத்தினார். கதவைத் தாண்டியும் கேட்டது. எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்து, எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்து, கடைசி வரிவரை வந்து, அந்த விம்மலும் வந்தது. ஓகே ஆன டேக் அவர் உடம்பிலேயே இருந்திருக்கிறது. இப்போதுதான் இரண்டு தடவை காதில் ஏற்றியும் விட்டிருக்கிறார்கள். பிராம்ப்ட் கிடைக்காத நாக்கு கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது. அதிகாரி ஃபைலை மூடிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா ரெண்டு தடவையும் வார்த்தைக்கு வார்த்தை ஒரே சாட்சி. இவ்வளவு உணர்ச்சியோட ஒருத்தர் பொய் சொல்ல முடியாது. இதோட முடிச்சுடலாம்” என்றார். நான் என்னவெல்லாமோ சொன்னேன். அவருக்குப் பாஷை தெரியாது, சத்தம்தான் தெரியும், நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்றெல்லாம் சொன்னேன். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்றதும் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினார். கண்ணாடி சுவரை ஒட்டி நழுவிப் போனார்.

கடைசியாக அண்ணன் வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நல்ல ஷாட் கொடுத்த நாளில் இருக்கிற முகம். இத்தனை மாதத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

“சொல்லிட்டேம்மா. நீ வெளிய போனதும் பயந்துட்டேன். அப்புறம் பாரு, தானா வந்துச்சு. எங்கயும் நிக்கல.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைப் படிக்க அவருக்குப் பாஷை வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“ஏம்மா? நான் என்னம்மா சொன்னேன்?”

பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பிறகு முதல் வரியிலிருந்து, அர்த்தத்தோடு, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.